பாக்கி நாற்பது விநாடி

மார்ச் 3
வீரர் குடியிருப்பு, இரண்டாம் மாடி

சட்டம்,

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. பட்டப்பெயர் போதும். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம், கடைசியில் என் நம்பரையே தடுத்துவிட்டாய். கடிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை. படி.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி நீ எழுதிய அறிக்கையை மேனேஜர் எனக்கு வாசித்துக் காட்டினான். உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டேன். "பதினேழாம் எண் ஆட்டக்காரர் களத்துக்குள் வரவில்லை. மாற்று நிறைவேறவில்லை." கீழே நாலாவது ரெஃப்ரி என்று உன் கையெழுத்து. வாசித்து முடித்து, தாளை மடித்து, "உன் தோஸ்துதானே எழுதியிருக்கான்? இனிமே எங்களைக் குத்தம் சொல்லாதே" என்றான். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

என் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உனக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். ஒரு சீசனில் இருபது ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் தானாக இன்னும் இரண்டு வருஷம் நீளும். ஒரு விநாடி ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான். பத்தொன்பதாவது ஆட்டம் வரைக்கும் காய்ச்சலோடுகூட என்னை இறக்கினார்கள். அது முடிந்த மறுநாளே கிளப் முதலாளிக்கு என் வயசு ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெஞ்ச், பெஞ்ச், பெஞ்ச். சனிக்கிழமைதான் சீசனில் கடைசி. கேப்டனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, பின்வரிசையில் ஆட என்னைத் தவிர ஆள் இல்லை, கோச்சுக்கு வேறு வழியும் இல்லை. பந்து வெளியே போயிருந்தது. நீ என் நம்பரைப் போட்டு போர்டைத் தூக்கினாய். மேனேஜர் பின்னாலிருந்து "மெதுவா வா, மெதுவா வா" என்று கத்த, கேப்டன் பெண் பார்க்க வந்தவன் மாதிரி அடியெண்ணி நடந்து வெளியே வந்தார். ரெஃப்ரி எனக்குக் கை காட்டினார். நான் உள்ளே போனேன். அப்புறம்தான் கடைசி விசில்.

என் கால் கோட்டுக்கு உள்ளே இருந்தது. நீ என்னைத் தொடும் தூரத்தில் நின்றாய்.

கால்பந்துச் சங்கத்தில் முறையிட்டிருக்கிறேன். அடுத்த மாசத் தொடக்கத்தில் விசாரணை. அதற்குள் அறிக்கையைத் திருத்தி எழுது. எனக்கு முப்பத்து மூன்று வயசு. இந்தக் கிளப் விட்டால் என்னை எடுக்க ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். காலில் இன்னும் இரண்டு வருஷ ஓட்டம் இருக்கிறது. அதை எவனோ ஒருவன் ஆபீசில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போக நான் விட மாட்டேன். நீ அந்த எவனோ இல்லை என்று நினைத்திருந்தேன்.

எவ்வளவு கொடுத்தார்கள்?

ஆணி


மார்ச் 8
மின்சார அலுவலகம், புகார்ப் பிரிவு

ஆணி,

நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்குவது என் வேலை. கண்ணாடியில் கையகல ஓட்டை ஒன்று. அதில் வாயை வைத்துத்தான் கத்துவார்கள். மின்சாரத்தை நானே மென்று தின்றுவிட்டேன் என்கிற மாதிரி கத்துவார்கள். ஆகவே உன் திட்டு எனக்குப் புதிதில்லை. கடைசி வரி மட்டும் புதிது. அதற்கு நேரில் பார்த்திருந்தால் அறைந்திருப்பேன்.

யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நான் ஒன்றும் வாங்குகிறவனும் இல்லை.

இப்போது உன் காலைப் பற்றிப் பேசுவோம். உன் கால் உள்ளே இல்லை. ரெஃப்ரி கை காட்டியதும் நீ என்ன செய்தாய்? குனிந்தாய். கோட்டுக்கு வெளியே நின்றபடி குனிந்து, கையை நீட்டிப் புல்லைத் தொட்டு, அதை நெற்றியில் வைத்து, அப்புறம் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாய். உனக்காக மொத்தச் சீசனும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, நீ புல்லோடு பேசிக்கொண்டிருக்கிறாய்! "போடா உள்ளே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நாலாவது ரெஃப்ரி அப்படிச் சொல்லவே கூடாது. சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. விசில்தான் கேட்டது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் களத்துக்குள் அடி எடுத்து வைத்தால்தான் மாற்று முடிந்தது. கையை வைத்தால் போதும் என்று எங்கும் எழுதவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டினால் பந்தியில் இலை போடுவார்களா?

அந்தக் கிளப் உனக்குச் செய்தது அயோக்கியத்தனம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அயோக்கியத்தனத்துக்கு அறிக்கையில் கட்டம் கிடையாது. பார்த்ததை எழுதினேன். விசில் ஊதியது ஊதியதுதான். அதற்கு மேல் என்னால் ஆவது ஒன்றும் இல்லை.

உன் வயிற்றெரிச்சலை என் மேல் கொட்டாதே.

சட்டம்


மார்ச் 13

சட்டம்,

சரி. குனிந்தேன்.

பதினாறு வயசில் முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது குனிந்தேன், அன்றைக்கு நன்றாக ஆடினேன். அதிலிருந்து குனியாமல் உள்ளே போனதில்லை. பல் தேய்ப்பது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. அது தப்பா? உள்ளே போகிற இடத்துக்கு மரியாதை கொடுத்தவனுக்குத் தண்டனை. மெதுவாக நடக்கச் சொல்லிக் கத்தியவனுக்குச் சம்பள உயர்வு. உன் சட்டம் நல்ல சட்டம்.

இந்தச் சீசனில் என்னை என்ன செய்தார்கள் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. ஒரு நாள் டீமோடு பயிற்சிக்குப் போனால் என் அலமாரியில் புது வரவு ஒருத்தனின் ஷூ. என் சாமானெல்லாம் கோணிப்பையில் கட்டி வாசலில் கிடந்தது. "நீ பின்னாடி மைதானத்துல பண்ணிக்கோ" என்றான் மேனேஜர். பின்னாடி மைதானம் என்றால் டீம் பஸ்ஸைக் கழுவுகிற இடம். சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு, சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை நானே வாங்கி, மறுபடி அடித்து. முன்னால் மைதானத்தில் அவர்கள் சிரிப்பது கேட்கும். தினம் போனேன். ஒரு நாள் போகாமல் இருந்தால் அதையே சாக்காக வைத்து வெளியே தள்ளுவார்கள் என்று போனேன். பஸ் டிரைவருக்கே பொறுக்கவில்லை. "தம்பி, பேசாம நீங்களும் ஒரு பக்கம் தேச்சு விடுங்க, ரெண்டு பேருக்கும் வேலை முடியும்" என்றார். தேய்த்தேன்.

அதனால் நேராகவே கேட்கிறேன். எனக்கு வெட்கம் போய்விட்டது. விசாரணையில் வந்து, கால் உள்ளே இருந்தது, அவசரத்தில் அறிக்கையில் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல். பொய்தான். ஒரு வரிப் பொய். அந்தக் கிளப் நாள் முழுக்கப் பொய்யை மென்று துப்புகிறது. நீ ஒரு வரி சொன்னால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? யார் கெட்டுப் போகிறார்கள்? நீ கைதவறி எழுதிவிட்டதாகக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதானே.

மாட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நேற்று மேனேஜரே சொன்னான். மேல் பிரிவு ஆட்டங்களுக்கு மெயின் ரெஃப்ரியாகப் போகிறவர்கள் யார் யார் என்று சங்கம் ஒட்டியிருக்கிறதாம். அதில் உன் பெயர் இருக்கிறதாம். "உன் தோஸ்து பெரிய ஆளாயிட்டான், வாழ்த்துச் சொல்லிடு" என்றான்.

வாழ்த்துகள்.

ஆணி


மார்ச் 17

ஆணி,

அந்த வாழ்த்தைப் படித்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ.

அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, சங்கத்து ஆபீசுக்குப் போனேன். மாடிப்படித் திருப்பத்தில் பலகையில் ஒட்டியிருக்கிறது. என் பெயர் இருக்கிறது. எத்தனை வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து இறங்கியிருக்கிறேன் தெரியுமா? கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் கல்லடி வாங்கினேன். நாலாவது ரெஃப்ரியாக நின்று போர்டு தூக்கினேன். ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். இந்த வருஷம் கேட்கக்கூட இல்லை, கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்த கிளார்க் கண்ணடித்து, "எப்ப சார் பார்ட்டி?" என்றான். சங்கத் தலைவர் உன் முதலாளியோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர் என்பது படிக்கட்டுக்கே தெரியும்.

என் நிலைமையைப் பார். உண்மையைச் சொன்னால் நான் விலைபோனவன். பொய் சொன்னால் உனக்கு நல்லவன். நான் எழுதியது உண்மை என்பதுதான் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய? உண்மையைத் திருத்தி எழுதுவதா?

பொய் சொல்ல மாட்டேன். கால் உடைந்து ஆட்டம் போன பிறகு எனக்கு மிஞ்சியது இந்த விசில் ஒன்றுதான். கண்ணாடி ஓட்டையில் திட்டு வாங்குகிறவனை, வாரத்தில் ஒரு நாளாவது இருபத்திரண்டு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு தடவை பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை எதைப் பார்த்தாலும் எனக்கே நம்பிக்கை வராது.

உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், என் வீட்டுக்காரியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாளாம். இவள் இரண்டு நாளாக எனக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைக்கிற சத்தமே வேறு. அதையும் நான்தான் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி இனிமேல் என்னிடம் எதுவும் கேட்காதே. கேட்காமல் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

சட்டம்


மார்ச் 22

சட்டம்,

"கேட்காமல் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது." இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு நல்லது, புரிகிறது. எனக்கு என்ன நல்லது என்றுதான் புரியவில்லை. ஏன் கேட்கக் கூடாது என்பது இப்போது புரிந்துவிட்டது.

ஆட்டத்துக்கு வந்த ஒருத்தன் போனில் எடுத்த படம் என் கைக்கு வந்தது. நீ முதல் போர்டைத் தூக்குவதிலிருந்து விசில் வரைக்கும் நிறுத்தாமல் எடுத்திருக்கிறான். என் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க நானும் உன் தங்கச்சியும் உட்கார்ந்தோம். அவள் இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியும் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்காதவள். நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வெளியேதான் இருக்கிறது. நீ சொன்னது சரி. நானே பார்த்தேன். கழுதை மாதிரி குனிந்துகொண்டு நிற்கிறேன்.

அவள் படத்தை மறுபடி ஆரம்பத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "முதல்ல அந்த அண்ணன் நாலுன்னு ஒரு போர்டு காட்டறாரே, அது என்ன?"

"இஞ்சுரி டைம். ஆட்டத்துல வீணாப்போன நேரத்துக்குக் கூட நாலு நிமிஷம் ஆடணும்."

"நாலு ஆச்சா?"

சட்டம், நாலு ஆகவில்லை. மூன்று நிமிஷம் இருபது விநாடியில் மெயின் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். நாலு என்று அறிவித்த பிறகு கூட்டலாம், ஒரு விநாடிகூடக் குறைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். கேப்டன் எவ்வளவு மெதுவாக நடந்தாலும், நான் எவ்வளவு நேரம் குனிந்து கிடந்தாலும், எழுந்து உள்ளே போக நாற்பது விநாடி பாக்கி இருந்தது.

போர்டைத் தூக்கியது நீ. கையில் வாட்ச் கட்டியிருந்தவன் நீ. விசில் ஊதியபோது வாட்சைப் பார்த்தாயா இல்லையா? படத்தில் பார்க்கிறாய். தலையைக் குனிந்து மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, மெயின் ரெஃப்ரியைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொள்கிறாய். அது படத்தில் அழகாக விழுந்திருக்கிறது.

தெரிந்துகொண்டே எனக்குக் கல்யாண வீட்டு இலைக் கதை சொன்னாய். பொய் சொல்ல மாட்டேன், விசில்தான் மிஞ்சியது, இருபத்திரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினாய். நான் குனிந்ததை எழுதத் தெரிந்த கைக்கு அவர் முன்னாலேயே ஊதியதை எழுதத் தெரியவில்லை. நான் உன்னிடம் பொய் கேட்டது கேவலம்தான். ஆனால் நீ என்னைப் பொய் கேட்க விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாயே, அதற்கு என்ன பெயர்?

பொய் வேண்டாம். உண்மையைச் சொல். முழுசாகச் சொல்.

ஆணி


மார்ச் 25

ஆணி,

பார்த்தேன். மூன்று இருபது. பார்த்தேன்.

சங்கத்தில் போன் படத்தை ஏற்க மாட்டார்கள். அவர்கள் எடுத்த படம்தான் செல்லும், அதில் விசிலுக்கு முன்னால் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆக இருக்கிற ஒரே சாட்சி என் வாட்ச்.

எங்கள் ஆட்களுக்குள் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. நாலாவது ரெஃப்ரிக்கு வாய் கிடையாது. போர்டுதான் வாய். மெயின் ரெஃப்ரி பகலில் நிலா என்றால் நாங்கள் அண்ணாந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். யாருக்கு எந்த ஆட்டம் என்று ஒதுக்குகிறவரே அவர். ஒருவன் மூன்று வருஷம் முன்னால், பெனால்டி தப்பு என்று அறிக்கையில் எழுதினான். இப்போது அவன் பள்ளிக்கூடப் போட்டிகளில் கயிறு கட்டுகிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன், எழுதினால் நெஞ்சிலிருந்து இறங்குமா பார்ப்போம். ஆட்டத்துக்கு முன்னால் உன் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தான். ஒரு பெட்டி ஜூஸ் பாட்டில். "சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க அண்ணே, பசங்களுக்கு பஸ் இருக்கு" என்றான். மெயின் ரெஃப்ரி சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை பார். இப்படித்தான் கேட்பார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை, உனக்கும்தான் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். விசாரணைக்கு வர முடியாது, மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சட்டம்


மார்ச் 28

சட்டம் என்று இனி எழுத மாட்டேன். அந்தப் பெயர் உனக்கு எதற்கு?

ஜூஸ் குடித்தாயா?

விசாரணை 2ஆம் தேதி. தனியாகப் போகிறேன். கால் உள்ளே இல்லை, நேரம் பாக்கி இருந்தது என்று நானே சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உனக்குக் கூட்டத்தோடு சிரித்துப் பழக்கம், வராமல் இருப்பதே நல்லது.

காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடி.


ஏப்ரல் 5
வீட்டிலிருந்து

ஆணி,

விசாரணை அன்றைக்கு நானும் வந்தேன், வராந்தாவில் நீ என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாய். சாட்சி பேசும்போது உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கிளப் ஆட்கள் ஒரு கதை சொல்லியிருப்பார்கள். இது நடந்த கதை.

நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் நடுவில். என்னைப் பார்த்ததும், "உடம்பு சரியில்லைன்னு எழுதியிருந்தீங்களே?" என்றார்.

"சரியாயிடுச்சு சார்."

"சரி. ஒரே கேள்வி. பதினேழாம் நம்பர் உள்ளே வந்தாரா?"

"இல்ல சார்."

மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம். எழுதிக்கொண்டார்கள். "நீங்க போகலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. "நாலு நிமிஷம் போர்டு நான்தான் சார் தூக்கினேன். மூணு இருபதுல விசில் வந்துடுச்சு."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை யாரும் உங்களைக் கேட்கலியே."

"கேட்க மாட்டீங்கன்னுதான் சார் நானே சொல்றேன்."

"உங்க வாட்ச் சரியா ஓடுதுன்னு என்ன நிச்சயம்?"

"சங்கம் கொடுத்த வாட்ச் சார்."

ஓரத்தில் இருந்தவர் இருமுவது போல் சிரித்தார். மெயின் ரெஃப்ரி என் பின்னால் நாற்காலியில் இருந்தார். அவர் மூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது. ஜூஸ் பெட்டியையும் சொன்னேன். பஸ் இருக்கு என்றதையும் சொன்னேன். நானும் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். தலைவர், "உங்களை மேல்பிரிவுல போட்டிருக்கோம், ஞாபகம் இருக்கா?" என்றார். "நான் கேட்கலியே சார், அதையும் எடுத்துடுங்க" என்றேன். எடுத்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. அன்று மாலையே உத்தரவு வந்தது: வழக்கில் இருக்கிற ஆட்டக்காரரோடு கூட்டுச் சேர்ந்து சாட்சி சொன்னதாக என் மேல் விசாரணை. அது முடியும்வரை எந்த மைதானத்துக்குள்ளும் நான் கால் வைக்கக் கூடாது.

உன் முறையீட்டைத் தள்ளுபடி செய்யத்தான் போனார்கள். அதற்குள் நாம் நினைக்காத ஒன்று நடந்தது. அன்றைக்கு உங்களிடம் ஒரு கோலில் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய டீம் இருக்கிறதே, அதன் முதலாளி காதுக்கு விஷயம் போய்விட்டது. "எங்க நாற்பது விநாடி எங்கே?" என்று கேட்டு அந்த ஆள் ஆபீசையே இரண்டாக்கிவிட்டாராம். டிரா ஆகியிருந்தால் அவர்கள் இறங்கியிருக்க மாட்டார்கள். உன் முதலாளியைவிட அவருக்குப் பணமும் ஆளும் அதிகம். ஒரே நாளில் என் வாட்ச் சரியாக ஓட ஆரம்பித்துவிட்டது. பாக்கி நேரத்தை மறுபடி ஆட வேண்டும், நின்ற இடத்திலிருந்து, அதே ஆட்களோடு என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

சந்தோஷப்படாதே. உனக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை. நீ சொல்லி, நான் சொல்லி, அசையாத மேசை இன்னொரு முதலாளி தட்டியதும் எழுந்து நிற்கிறது. இதை நினைத்தால் தள்ளுபடி ஆகியிருந்தாலே தேவலை என்று தோன்றுகிறது.

ஜூஸ் குடித்தேனா என்று கேட்டிருந்தாய். குடித்தேன்.

சட்டம்


ஏப்ரல் 20
வீரர் குடியிருப்பு, இரண்டாம் மாடி

சட்டம்,

பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று துள்ளாதே. எழுத வேறு பெயர் கிடைக்கவில்லை.

நேற்று ஆடினோம். கூட்டத்தை விடவில்லை. கேட்டைப் பூட்டிவிட்டார்கள். காலியான ஸ்டேடியத்தில் நாம் பேசுவதே நமக்குத் திரும்பி வருகிறது. இரண்டு டீமும் உடற்பயிற்சி செய்து, வியர்த்து, வரிசையாகக் கை குலுக்கி, எல்லாம் எதற்கு, நாற்பது விநாடிக்கு. வேற்றூரிலிருந்து புது ரெஃப்ரி. நாலாவது ரெஃப்ரி ஒரு சின்னப் பையன்.

மேனேஜர் முதலிலேயே கோச்சைப் பிடித்துக்கொண்டான். "மாத்து முடியலைன்னுதானே தீர்ப்பு? அப்ப கேன்சல் பண்ணு. கேப்டனே ஆடட்டும்." கோச் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தொடை இன்னும் பிடிச்சிருக்கு சார்" என்றார். "பொய் சொல்றே" என்று மேனேஜர் கத்தினான். "ஆமா" என்றார் கேப்டன், தலையை நிமிர்த்தாமல். மற்ற மாற்றுகளை அன்றைக்கே முடித்துவிட்டார்கள். ஒன்று நான் இறங்க வேண்டும், இல்லையென்றால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். கோல் விழுந்தால் பட்டியலில் முதலாளியின் இரண்டாம் இடம் போகும். மேலே கண்ணாடி அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அங்கே அண்ணாந்து பார்த்தான். அங்கிருந்து ஒரு கை அசைந்தது, ஈ விரட்டுகிற மாதிரி. நான் உள்ளே போனேன்.

அவர்கள் பந்தை எறிந்தார்கள். என் தலைக்கு மேலே போனது. எங்கள் ஆள் ஒருவன் முட்டினான், திரும்பி வந்தது, எவனோ உதைத்தான், வெளியே போனது. விசில். பந்து என் காலில் படவே இல்லை. எதிர் டீமில் ஒரு சின்னப் பையன் புல்லில் உட்கார்ந்து அழுதான். அவன் முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். அவனுக்கு யார் முறையிடுவார்கள்?

இருபது ஆட்டம். ஒப்பந்தம் நீண்டுவிட்டது. அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்குக் காலையில் பயிற்சிக்குப் போனேன், பஸ் கழுவுகிற இடத்துக்கே போகச் சொன்னார்கள். போனேன். இனி இரண்டு வருஷம் அங்கேதான் என்றாலும் போவேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் கேப்டன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். எதிரில் நின்று பந்தை அடித்தார். சுவரை விட அவர் சுமாராகத்தான் திருப்பி அடிக்கிறார்.

இப்போது உன் விஷயம். உன் மேல் விசாரணை நாளைக் காலை என்று தெரிந்தது. நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாய். என்னோடு கூட்டுச் சேர்ந்தாய் என்பதுதானே குற்றச்சாட்டு? நான் வருகிறேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்லி நான்தான் கேட்டேன், நீ மாட்டேன் என்றாய் என்று சொல்லப் போகிறேன். ரெஃப்ரியைப் பொய் சொல்லக் கேட்ட ஆட்டக்காரனின் ஒப்பந்தம் நிற்காது என்று உன் தங்கச்சி சொல்கிறாள். எனக்கும் தெரியும். மேனேஜர் ஓடி வந்து அதைப் பிடித்துக்கொள்வான், நேற்று கிடைத்ததை நாளைக்கே பிடுங்குவான். அவள் விடிய விடிய என்னோடு சண்டை போட்டாள். கடைசியில் அவள்தான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினாள். போட்டுக்கொண்டே, "அந்த அண்ணன் மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்ததையும் சேர்த்துச் சொல்லிட்டு வா" என்றாள்.

சொல்வேன். அதையும் சொல்வேன், விட மாட்டேன். உனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், பாதகமாக ஒன்றைக் குறைக்கவும் மாட்டேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன்னைப் பார்த்தால் இன்னும் அறைவேன்.

வேண்டாம் என்று பதில் எழுதி ஸ்டாம்பை வீணாக்காதே. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன்.

ஆணி